பழுதாகும் என்று வைத்துக்கொண்டுதான் பறக்க விடுகிறோம்

கேள்வி: எனக்கு 56 வயது. தஞ்சாவூரில் இருக்கிறேன். மகளுக்குச் சிங்கப்பூரில் அடுத்த மாதம் தலைப்பிரசவம். திருச்சியிலிருந்து நான் தனியாகக் கிளம்பிப் போக வேண்டும். ஆறு வருடங்களுக்கு முன் சென்னையிலிருந்து கோயம்புத்தூருக்குப் போனபோது விமானம் குலுங்கியதில், பக்கத்தில் இருந்தவர் கையைப் பிடித்துக் கத்திவிட்டேன். அதற்குப் பிறகு விமானத்தில் கால் வைக்கவில்லை. திருச்சி வானத்தில் ஒரு விமானம் வட்டமடித்ததை டிவியில் பார்த்து நடுங்கினேன். அகமதாபாத் விபத்துக்குப் பிறகு தூக்கமே போய்விட்டது. “லட்சத்தில் ஒன்றுதாம்மா விழும்” என்கிறான் மகன். அந்த ஒன்று நான் ஏறுகிற விமானமாக இருந்தால்? இன்ஜின் நின்றால் என்ன ஆகும்? அந்தரத்தில் தொங்குகிற ஒன்றை எதை வைத்து நம்புவது?
— தஞ்சாவூர் வாசகி

பதில்: விமானப் பராமரிப்புப் பொறியாளர் (ஓய்வு)

அன்புச் சகோதரிக்கு,

உங்கள் மகன் பாதுகாப்பைக் குறைத்தே சொல்லியிருக்கிறார். 2018 முதல் 2022 வரை உலகம் முழுக்க நடந்த பயணங்களை ஆராய்ந்த மாசசூசெட்ஸ் தொழில்நுட்பக் கழகப் பேராசிரியர் அர்னால்ட் பார்னெட், 1 கோடியே 37 லட்சம் முறை ஆட்கள் விமானம் ஏறினால் ஓர் உயிரிழப்பு என்று கணக்கிட்டார். 1968 முதல் 1977 வரையிலான காலத்தில் அது மூன்றரை லட்சத்துக்கு ஒன்றாக இருந்தது. 2022-ல் நம் நாட்டுச் சாலைகளில் மட்டும் 1,68,491 பேர் இறந்தார்கள்.

ஆனால் நெஞ்சு படபடக்கும்போது இந்த எண்கள் உதவாது என்று எனக்குத் தெரியும். “அந்த ஒன்று நான் ஏறுகிற விமானமாக இருந்தால்?” என்று கேட்கிறவருக்கு எத்தனை சுழியத்தைக் காட்டினாலும் போதாது. அதனால் கணக்கை இத்தோடு விட்டுவிட்டு, 34 வருடம் விமானத்தின் அடியில் படுத்தும் இறக்கைமேல் ஏறியும் வேலை பார்த்தவன் என்ற முறையில், உள்ளே என்ன நடக்கிறது என்பதைச் சொல்கிறேன்.

எதுவும் கெட்டுப்போகாமல் இருந்தால்தான் விமானம் பத்திரமாகப் போகும் என்று நினைக்கிறீர்கள். உங்கள் மூன்று கேள்விகளுக்கும் அடியில் இந்த எண்ணம்தான் இருக்கிறது. அப்படி நினைத்தால் யாருக்கும் பயம் வரும், எனக்கும் வரும். ஆனால் எங்கள் தொழிலில் யாரும் அப்படி நினைப்பதில்லை. பம்பு பழுதாகும், ஒயர் அறுந்துபோகும், இன்ஜின் நிற்கும், மனிதன் தப்புச் செய்வான் என்று முதலிலேயே வைத்துக்கொண்டுதான் விமானத்தை வரைகிறார்கள். ஒவ்வொரு பாகத்துக்கும் “இது போனால் அடுத்து என்ன?” என்ற கேள்விக்கு விடை எழுதிய பிறகே அது பறக்க அனுமதி கிடைக்கும்.

நீங்கள் பார்த்து நடுங்கிய அந்தத் திருச்சி விமானத்தையே எடுத்துக்கொள்வோம். 2024 அக்டோபர் 11, மாலை. ஷார்ஜாவுக்கு 140-க்கும் மேற்பட்டவர்களோடு கிளம்பிய விமானத்தில் ஹைட்ராலிக் கோளாறு. இரண்டரை மணி நேரம் ஊரைச் சுற்றியது. டிவியில் “திக் திக் நிமிடங்கள்” என்று ஓடிக்கொண்டிருந்தது. என் வீட்டிலும் எல்லோரும் எழுந்து நின்றுகொண்டுதான் பார்த்தார்கள். நான் உட்கார்ந்திருந்தேன். விமானம் சுற்றுகிறது என்றாலே விமானிகள் அவசரப்படவில்லை என்று அர்த்தம். நான்கு மணி நேரப் பயணத்துக்கான எரிபொருள் நிறைந்திருந்ததால், தரையிறங்க வேண்டிய அளவைவிட எடை கூடுதலாக இருந்தது. அந்த வகை விமானத்தில் எரிபொருளை வானிலேயே கொட்டிவிடும் வசதி கிடையாது. சுற்றிச் சுற்றித்தான் எரிக்க வேண்டும். உள்ளே தீயோ புகையோ வந்திருந்தால் எடையைப் பார்க்காமல் உடனே இறக்கியிருப்பார்கள், அதற்கும் விதியில் இடம் உண்டு. ஹைட்ராலிக் என்பது எண்ணெய் அழுத்தத்தால் சக்கரத்தையும் பிரேக்கையும் இறக்கைப் பலகைகளையும் இயக்குகிற ஏற்பாடு. அது ஒன்றுக்கு மூன்றாகத் தனித்தனியே இருக்கிறது. ஒன்று போனால் மற்றவை இருக்கின்றன. கீழே வரிசையாக ஆம்புலன்ஸ்களும் தீயணைப்பு வண்டிகளும் நின்றதைக் கண்டுதான் நீங்கள் பயந்திருப்பீர்கள். அவை நிற்க வேண்டும் என்பதும் எழுதி வைத்த விதிதான். விமானம் சாதாரணமாகத் தரையிறங்கியது. எல்லோரும் நடந்தே இறங்கி வந்தார்கள்.

இன்ஜின் நின்றால்? உங்கள் விமானத்தில் இரண்டு இருக்கும், பறக்க ஒன்று போதும். மேலே போன பிறகு மட்டுமல்ல, ரன்வேயில் ஓடும்போதே அப்படித்தான். அன்றைய எடை, வெயில், ரன்வே நீளம் எல்லாவற்றையும் பார்த்து ஒவ்வொரு பயணத்துக்கும் ஒரு வேகத்தைக் குறிக்கிறார்கள். அந்த வேகத்துக்கு முன் இன்ஜின் கெட்டால் நிறுத்திவிடலாம். அதற்குப் பின் கெட்டால், மிச்சமுள்ள ஒற்றை இன்ஜினோடு பத்திரமாக மேலே ஏறலாம். இதை ஆறு மாதத்துக்கு ஒரு தடவை சிமுலேட்டர் என்கிற, தரையிலேயே இருக்கும் மாதிரி விமானி அறையில் செய்துகாட்டித் தேறாத விமானி உங்கள் விமானத்தில் உட்கார முடியாது. கடல் தாண்டும்போதும், ஒற்றை இன்ஜினோடு இத்தனை நிமிடத்துக்குள் போய்ச்சேரக்கூடிய ஒரு விமான நிலையம் எப்போதும் எட்டும் தூரத்தில் இருக்கும்படிதான் பாதையை வகுக்கிறார்கள்.

இரண்டும் நின்றால் என்று அடுத்துக் கேட்பீர்கள். 2001 ஆகஸ்ட் 24 அன்று டொரண்டோவிலிருந்து லிஸ்பனுக்குப் போன ஓர் ஏர்பஸ் விமானத்தில், அட்லாண்டிக் பெருங்கடலின் மேலே எரிபொருள் கசிந்து தீர்ந்து இரண்டு இன்ஜினும் நின்றன. கல்போல விழவில்லை. இன்ஜின் இல்லாமலே ஏறத்தாழ 19 நிமிடம் சறுக்கிப் பறந்து, அசோர்ஸ் தீவுகளில் இருக்கும் லாஜெஸ் நிலையத்தில் இறங்கியது. 306 பேரும் உயிர் பிழைத்தார்கள். 35,000 அடி உயரத்தில் இருக்கும் பயணிகள் விமானம் இன்ஜின் உதவியே இல்லாமல் 150 கிலோமீட்டருக்கு மேல் சறுக்கிப் போகும். திருச்சிக்கு மேலே நின்றுபோனால் மதுரையைத் தாண்டியும் போகலாம்.

இந்தச் சம்பவத்தில் உங்களிடம் மறைக்கக் கூடாத ஒன்று உண்டு. கசிவுக்குக் காரணம் என் தொழில்காரர்கள்தான். மாற்றிய இன்ஜினில் ஒன்றுக்கொன்று பொருந்தாத பாகங்களைப் பொருத்தியதால் இரண்டு குழாய்கள் உரசிக்கொண்டன. இந்த விபத்தைப் பற்றி எங்களுக்கு வகுப்பு எடுத்திருக்கிறார்கள். பிறகு நானும் இளையவர்களுக்கு எடுத்திருக்கிறேன். மனிதன் தப்புச் செய்வான் என்பதை வைத்துக்கொண்டு எப்படி வேலை செய்கிறோம் என்பதற்கு, என் கண்ணால் கண்டதைச் சொல்கிறேன்.

எங்கள் கருவிப் பெட்டியின் தட்டில் கெட்டியான நுரைப் பலகை பதித்திருக்கும். ஒவ்வொரு ஸ்பேனருக்கும் அதன் உருவத்திலேயே ஒரு பள்ளம். கருவியை எடுத்தால் பள்ளம் வெறுமையாகத் தெரியும். ஷிஃப்ட் முடியும்போது ஒரு பள்ளம் வெறுமையாக இருந்தாலும் விமானம் கிளம்பாது. ஒரு சித்திரை மாதம், விடிகாலை விமானம், எல்லா வேலையும் முடிந்துவிட்டது. பெட்டியை மூடப்போன பையன் அப்படியே நின்றான். சுண்டு விரல் நுனி அளவுள்ள ஸ்க்ரூடிரைவர் பிட் ஒன்றைக் காணோம். சக்கரக் கூண்டு, இன்ஜின் மூடி, தரை என்று டார்ச்சும் கண்ணாடியும் வைத்துக்கொண்டு ஆறு பேர் தேடினோம். முடித்த மூடிகளை மறுபடி கழற்றினோம். மேலே பயணிகள் கூடத்தில் சத்தம். “டெக்னிகல் காரணம்னு பொய் சொல்றாங்க” என்று ஒருவர் கத்தியது கீழே வரை கேட்டது. இரண்டே முக்கால் மணி நேரம் கழித்து, குப்பைத் தொட்டியில் போட்டிருந்த ஒரு துடைப்புத் துணியின் மடிப்புக்குள் அந்த பிட் கிடைத்தது. விமானத்துக்குள் அது விழவே இல்லை. ஆனால் விழவில்லை என்பது தெரியும் வரை யாரும் கையெழுத்துப் போடவில்லை. மேலதிகாரி ஒருவரும் “போடு, பார்த்துக்கலாம்” என்று சொல்லவில்லை. அந்தப் பையன் மறைக்காமல் சொன்னதற்காக எங்கள் பொறுப்பாளர் அவன் தோளைத் தட்டிவிட்டு டீ வாங்கிக் கொடுத்தார். அவனைத் திட்டியிருந்தால் அடுத்த முறை மறைப்பான் என்பது அவருக்குத் தெரியும்.

சுக்கான், இறக்கைப் பலகை மாதிரி விமானத்தைத் திருப்புகிற, ஏற்றி இறக்குகிற பாகங்களில் கைவைத்தால் ஒருவர் கையெழுத்தும் போதாது. அந்த வேலையைச் செய்யாத இன்னொருவர் தனியே வந்து சோதித்துக் கையெழுத்திட வேண்டும். லாக் புக்கில் அந்த இடத்தில் இருப்பது நிறுவனத்தின் முத்திரை மட்டுமில்லை, என் பெயர், என் லைசென்ஸ் எண். உங்கள் விமானம் தாமதமானால் இனி கொஞ்சம் வேறு மாதிரி நினைப்பீர்கள் என்று நம்புகிறேன்.

அகமதாபாத்தைப் பற்றி. அதை மறந்துவிடுங்கள் என்று சொல்ல எனக்கு வாய் வராது. 2025 ஜூன் 12. விமானத்தில் இருந்த 242 பேரில் ஒரே ஒருவர் பிழைத்தார். கீழே மருத்துவக் கல்லூரி விடுதியிலும் அதன் பக்கத்திலும் இருந்தவர்களோடு சேர்த்து 260 உயிர்கள். அன்று இரவு நானும் தூங்கவில்லை. இத்தனை ஏற்பாடும் தாண்டி விபத்து நடக்கிறது, அது உண்மை. நடந்த பிறகு என்ன செய்கிறார்கள் என்பதையும் நீங்கள் தெரிந்துகொள்ள வேண்டும். விமான விபத்து விசாரணையின் நோக்கம் தண்டிப்பது அல்ல, மறுபடி நடக்காமல் தடுப்பதே என்று உலக நாடுகள் விதி எழுதிக்கொண்டன. 1977-ல் டெனரீஃப் தீவு ரன்வேயில் இரண்டு ஜம்போ விமானங்கள் மோதி 583 பேர் இறந்தார்கள். விமானி ஒன்று சொல்ல, கட்டுப்பாட்டுக் கோபுரம் வேறாகப் புரிந்துகொண்டது. இன்று “டேக் ஆஃப்” என்ற சொல்லை, கிளம்ப அனுமதி தரும்போதோ அதை ரத்து செய்யும்போதோ தவிரக் கட்டுப்பாட்டு அறையில் உச்சரிக்கவே மாட்டார்கள். 1996 நவம்பர் 12 அன்று ஹரியாணாவின் சர்க்கி தாத்ரிக்கு மேலே இரண்டு விமானங்கள் மோதி 349 பேர் இறந்தார்கள். அதன் பிறகு, எதிரே வரும் விமானத்தைத் தானே கண்டுபிடித்து ஒரு விமானியிடம் “ஏறு” என்றும் மற்றவரிடம் “இறங்கு” என்றும் சொல்லுகிற கருவி இந்தியாவில் கட்டாயமானது. நீங்கள் ஏறப்போகும் விமானத்திலும் அது இருக்கும். இறந்தவர்களின் வீட்டாருக்கு இது ஆறுதல் ஆகாது. ஆனால் மூன்றரை லட்சம் ஒன்றே கால் கோடிக்கும் மேலே போனது இப்படித்தான்.

இனி உங்களைக் கத்த வைத்த குலுக்கலுக்கு வருகிறேன்.

அந்தரத்தில் தொங்குகிறது என்று எழுதியிருக்கிறீர்கள். பஸ் ஜன்னலில் கையை நீட்டி உள்ளங்கையைக் கொஞ்சம் சாய்த்தால், காற்று கையைத் தூக்கிவிடும், சின்ன வயதில் செய்திருப்பீர்கள். பஸ் அறுபதில் போகும்போதே அந்தத் தூக்கல். விமானம் மணிக்கு 800 கிலோமீட்டருக்கு மேல் போகிறது. அந்த வேகத்தில் காற்று அதற்குத் தரை மாதிரி. தரை என்றால் மேடு பள்ளமும் இருக்கும். வெயிலில் மண் சூடாகிக் காற்று மேலெழும், மலையில் மோதிய காற்று புரளும். நீங்கள் கோயம்புத்தூருக்கு எந்த மாதம் போனீர்கள் என்று எழுதவில்லை. ஆனி, ஆடி என்றால் பாலக்காட்டுக் கணவாய் வழியே அடித்துக்கொண்டு வரும் காற்றே போதும், அந்த வழியில் வழக்கமாக வேலை பார்க்கும் பணிப்பெண்களுக்கு அது தினப்படி சமாச்சாரம்.

இறக்கை முறிந்துவிடாதா என்றால், புதிய விமான வகை ஒன்றுக்கு அனுமதி கேட்கும்போது, அதன் ஆயுளில் சந்திக்கக்கூடிய மிகப் பெரிய சுமையைப்போல ஒன்றரை மடங்கை இறக்கை தாங்கிக் காட்ட வேண்டும். 1995-ல் போயிங் 777-ன் இறக்கையை வேண்டுமென்றே முறியும்வரை வளைத்துப் பார்த்தார்கள். நுனி இருபது அடிக்கும் மேலே தூக்கிய பிறகு, அந்தப் பெரிய சுமையின் 154 சதவீதத்தில்தான் முறிந்தது. ஜன்னல் வழியே இறக்கை மேலும் கீழும் ஆடுவதைப் பார்த்தால் பயப்பட வேண்டாம். ஆடுவதற்காகவே செய்தது அது. தென்னை மரம் புயலில் வளைந்து நிற்கிறதே, அந்த மாதிரி.

நீங்கள் சிங்கப்பூர் போவதால் இதையும் சொல்லிவிடுகிறேன், வேறு யாராவது அரைகுறையாகச் சொல்வதற்கு முன். 2024 மே 21 அன்று லண்டனிலிருந்து சிங்கப்பூர் வந்துகொண்டிருந்த விமானம் மிகக் கடுமையான குலுக்கலில் சிக்கியது. முதியவர் ஒருவர் இறந்தார், பலருக்கு அடிபட்டது. ஆயிரக்கணக்கான அடி விழுந்தது என்று அன்று பேசிக்கொண்டார்கள். கறுப்புப் பெட்டியைப் படித்த சிங்கப்பூர் விசாரணையாளர்கள் சொன்னது: ஐந்து விநாடிக்குள் 178 அடி. 37,000 அடி உயரத்தில் 178 அடி. உயரம் அவ்வளவுதான் குறைந்தது, ஆனால் அது நடந்த வேகத்தில் பெல்ட் போடாதவர்கள் கூரையில் மோதினார்கள். விமானம் பாங்காக்கில் தன் பலத்திலேயே இறங்கியது. ஆக, குலுக்கலால் விமானத்துக்கு ஏதாவது ஆவது மிக அரிது, பெல்ட் போடாதவருக்குத்தான் ஆபத்து. பெல்ட் போடச் சொல்லும் விளக்கு அணைந்தாலும் உட்கார்ந்திருக்கும் நேரமெல்லாம் பெல்ட்டைத் தளர்வாகவாவது போட்டு வையுங்கள். உங்களிடம் நான் கண்டிப்பாகச் சொல்வது இது ஒன்றுதான்.

பயத்தில் பாதி, காதால் வருவது. என்ன சத்தம் எப்போது வரும் என்று தெரிந்தால் அந்தப் பாதி குறையும். ஏறி உட்கார்ந்ததும் தலைக்கு மேலே வெள்ளையாகப் புகை இறங்குவதுபோல் தெரியலாம். புகை இல்லை, நம் ஊர் ஈரக்காற்று குளிர்ந்த ஏசி காற்றில் பட்டு மூடுபனி ஆகிறது. ஏர்பஸ் 320 வகை விமானம் என்றால், கிளம்பும் முன் காலுக்கு அடியில் ரம்பம் அறுப்பதுபோல, சிலருக்கு நாய் குரைப்பதுபோல, விட்டு விட்டு ஒரு சத்தம் வரும். ஹைட்ராலிக் அழுத்தத்தை ஒரு பக்கத்திலிருந்து இன்னொரு பக்கத்துக்குக் கொடுக்கிற பம்பு அது. அது குரைத்தால் நன்றாக வேலை செய்கிறது. மேலே எழும்பிய சில விநாடியில் வயிற்றுக்கு அடியில் தடதடவென்று உருண்டு ‘டொக்’ என்று மூடும், சக்கரம் உள்ளே போய்க் கதவு சாத்திக்கொள்கிறது.

அடுத்து வருவதுதான் பலரைக் கலங்க வைப்பது. கிளம்பி ஒரு நிமிடம்கூட ஆகியிருக்காது, இன்ஜின் சத்தம் சட்டென்று தணியும், உடம்பு கீழே இறங்குவதுபோல இருக்கும். விமானம் இறங்கவில்லை. எழும்புவதற்குக் கொடுத்த கூடுதல் விசையைக் குறைக்கிறார்கள். ஏறுகிற வேகம் குறைவதை நம் காது இறக்கம் என்று தப்பாக எடுத்துக்கொள்கிறது. முன்னிருக்கைப் பையில் பாதி தண்ணீர் உள்ள பாட்டிலை வைத்து அந்த நேரத்தில் அதைப் பாருங்கள். கத்தவேண்டும்போல் இருந்த கோயம்புத்தூர்க் குலுக்கலிலும் அந்தத் தண்ணீர் பாட்டிலுக்குள் கொஞ்சம் தளும்பியிருக்கும், அவ்வளவுதான். சிங்கப்பூரில் தரை தொட்டதும் பேரிரைச்சல் வரும். இன்ஜின் காற்றை முன்பக்கமாகத் திருப்பி விமானத்தை நிறுத்துகிறார்கள். மழை பெய்து ரன்வே நனைந்திருந்தால் வேண்டுமென்றே கொஞ்சம் அழுத்தித்தான் இறக்குவார்கள், சக்கரம் வழுக்காமல் பிடிக்க.

டிக்கெட் எடுக்கும்போது இறக்கைக்கு நேரான வரிசையில் கேளுங்கள், அங்கே ஆட்டம் குறைவு. வால் பக்கம் வேண்டாம். ஏறும்போதே கதவருகில் நிற்கும் பணிப்பெண்ணிடம், “எனக்குப் பயம், தனியாகப் போகிறேன்” என்று சொல்லிவிடுங்கள். வெட்கமே வேண்டாம். இடையில் வந்து ஒரு பார்வை பார்த்துவிட்டுப் போவார்கள். குலுங்கும்போது நாலு எண்ணி மூச்சை இழுத்து ஆறு எண்ணி விடுங்கள், விடுவது நீளமாக இருக்கட்டும். கைப்பிடியை இறுகப் பிடித்தால் குலுக்கல் முழுவதும் உடம்புக்கு வரும், தோளைத் தளர்த்துங்கள்.

லிஃப்டிலும் கூட்டத்திலும்கூட உங்களுக்கு இதே படபடப்பு வருகிறதென்றால், அது விமானத்தைப் பற்றிய பயம் மட்டும் இல்லை. அதற்கு என்னைப் போன்றவன் போதாது. ஒரு மனநல மருத்துவரைப் பாருங்கள், படிப்படியாகப் பழக்கும் சிகிச்சை இருக்கிறது, பலருக்குப் பலன் தருகிறது. யாரோ கொடுத்த தூக்க மாத்திரையை மட்டும் அன்று விழுங்கிவிட்டு ஏறாதீர்கள்.

கடைசியாக ஒரு விஷயம். மகளுக்குப் பிரசவ லேகியம், நெய், குழந்தைக்குத் தேங்காய் எண்ணெய் எல்லாம் எடுத்துக்கொண்டுதான் போவீர்கள். கைப்பையில் வைக்க வேண்டாம். 100 மில்லிக்கு மேல் திரவமோ குழைவான பண்டமோ இருந்தால் சோதனையில் எடுத்து வைத்துவிடுவார்கள். மூடியை டேப் போட்டு ஒட்டி, இரண்டு பிளாஸ்டிக் பைக்குள் வைத்து, பெரிய பெட்டியில் போடுங்கள். பிள்ளை பிறந்ததும் ஒரு வரி எழுதுங்கள்.